இடுப்பளவு தண்ணீரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

தொண்ணூறுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளாங்குளத்திலிருந்து மன்னார்ப் பக்கம் போகும் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். முதல் நாள் மத்தியானம் புறப்பட்டவன், இரவை இடிந்த ஒரு பஸ் தரிப்பிடத்தில் கழித்துவிட்டு, இலுப்பைக்கடவையையும் தாண்டியிருந்தேன். கையில் பை இல்லை. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால், கடலுக்கு என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மனைவியைப் புதைத்து ஆறு நாள் ஆகியிருந்தது.

நான் மலைநாட்டில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இனக்கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து, விறகு வெட்டு, கிணறு வெட்டு, வயல் வேலை என்று ஓரிடத்தில் நிற்காமல் திரிந்தேன். குடியும் இருந்தது. வெள்ளாங்குளத்தில் கல்யாணம் ஆன பிறகுதான், அவள் போய்வந்த ஒரு சின்ன ஜெபக்கூட்டத்துக்கு நானும் போகத் தொடங்கினேன். அங்கே சொன்ன கட்டளைகளை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். எது சரி, எது பிழை என்று அதில் இருந்தது. என்னைப் போல ஒருவனுக்கு அது பெரிய நிம்மதி. மற்றவர்கள் முடிந்ததைக் கடைப்பிடித்தார்கள். நான் ஒன்றுகூட விடவில்லை. ஓய்வுநாளில் வீட்டில் அடுப்பு மூட்டக்கூட விடமாட்டேன். “கடவுளுக்கே இவ்வளவு கண்டிப்பு கெடையாதுங்க” என்று அவள் சிரிப்பாள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அந்தப் பக்கம் மலேரியா சாதாரணம் என்பதால் நான் பயப்படவில்லை. ஞாயிறு காலை அவள் எழும்பவில்லை. அந்த வழியால் போன ட்ரக்டர்க்காரர் ஒருவர் வாசலில் நிறுத்தி, “ஏத்துங்கோ, ஆஸ்பத்திரியில இறக்கிவிடுறன்” என்றார். இன்றைக்கு ஓய்வுநாள், நாளைக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். “போயிட்டு வந்துருவோமே” என்று அவள் ஒரு தரம் சொன்னாள். பிறகு பேசவில்லை. திங்கள் விடியுமுன் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு வந்த ஜெபக்கூட்டப் போதகர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். “ஏன் தம்பி கொண்டுபோகேல்ல? உயிர் போற நேரத்தில ஓய்வுநாள் பாக்கச் சொல்லி நான் சொன்னனானோ?”

சொல்லவில்லைதான். அது நானாகவே நினைத்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு அந்தக் கூட்டத்தில் போய் உட்கார என்னால் முடியாது. அதனால் சனிக்கிழமையே நடந்துவிட்டேன்.

தெருவிலிருந்து விலகி, ஒரு மீனவர் கிராமத்துக்கு வெளியே கடற்கரைக்கு வந்தேன். நான் நினைத்து வந்ததைச் செய்யத் தண்ணீருக்குள் இறங்கினேன். ஆனால் நான் மலையில் வளர்ந்தவன். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கத்துக் கடல் ஆழமில்லை. நடந்தேன், நடந்தேன், தண்ணீர் முழங்காலில் நின்றது. திரும்பிப் பார்த்தால் கரை தூரத்தில் தெரிந்தது, தண்ணீர் இன்னும் முழங்காலில்தான். அது இடுப்புக்கு வந்தபோது, எதிரே இரண்டு பேர் நின்று வலை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதில் வயதானவர் என்னைக் கண்டதும், “வந்திட்டீரோ, இந்தா பிடியும்” என்று வலையின் ஒரு பக்கத்தை என் கையில் தந்துவிட்டார். வரச் சொல்லியிருந்த யாரோ கூலியாள் என்று நினைத்துவிட்டார் போலும். வலை முழுக்க நண்டு.

என் வாய் தன்பாட்டில் சொன்னது: “ஞாயித்துக்கெழம நான் வேல செய்யமாட்டேங்க.”

சாக வந்தவன் சொன்ன சொல் அது. எனக்கே அது கேட்டது.

மற்றவர், அவருடைய மருமகன், வாய்விட்டுச் சிரித்தார். “மாமா, உங்களுக்கு மேல ஒரு மூப்பர் வந்திருக்கிறார். இனி உங்கட பாடு கஷ்டம்.”

பிறகுதான் விளங்கியது. அந்த வயதானவர் அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் மூப்பர், கோயில் காரியம் பார்க்கிற பெரியவர். ஞாயிறு கடலுக்குப் போகிறவன் கோயில் விளக்குக்கு ஒரு போத்தல் எண்ணெய் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதைக் கோயிலில் எழுந்து நின்று வாசிக்கிறவரே அவர்தான். அவர்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று நண்டு தூக்கிக்கொண்டிருந்தார்.

“கிழமை முழுக்க நேவிக்காரன் சுத்தினவன். இண்டைக்குத்தான் ஆளைக் காணேல்ல” என்றார் அவர். “பிள்ளையளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பசிக்குது தம்பி. என்ன செய்ய.”

அவ்வளவு எளிதாகச் சொன்னார். கையிலிருந்த வலையை வெடுக்கென்று இழுத்தேன். ஆறுதலால் அல்ல, ஆத்திரத்தால். இவ்வளவு எளிதாக விட்டுவிடக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டா அவளை விட்டேன்?

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “போட்ட சேட்டைக் கழட்டாம ஒருத்தரும் கடலுக்குள்ள வாறேல்ல” என்றார். பிறகு, “இந்தக் கடலில சாகிறதெண்டா இந்தியா வரைக்கும் நடக்கவேணும்” என்றார். மருமகன் இந்த முறை சிரிக்கவில்லை.

வலையைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ட்ரக்டர், காய்ச்சல், போதகர் கேட்டது. அவர் நண்டு கழற்றுவதை நிறுத்தவில்லை. கடவுள் மன்னிப்பார் என்று சொல்லவில்லை. உன் பிழை இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில் நான், “அப்ப அவ ஏங்க செத்தா?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாது. தெரியுமெண்டு சொல்லுறவனை நம்பாதையும்” என்றார். “இஞ்ச பூசை வைக்கிற சுவாமி வந்துபோய் ரெண்டு மாதம். பூசையில்லை, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கப் பாவசங்கீர்த்தனம் இல்லை. எண்ணெய் விதிச்ச நானே இண்டைக்கு இதுக்குள்ள நிக்கிறன். நான் நல்லவனெண்டு நிக்கேல்ல. அவர் இண்டைக்கு மட்டும் பொறுக்கட்டும் எண்டு விடிய கேட்டுப்போட்டு இறங்கினனான். நாளைக்குள்ளதை நாளைக்குக் கேப்பன். அதுக்கு மேல எனக்கு வேதம் தெரியாது.”

அவள் திரும்பி வருவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வலையை விட முடியவில்லை. விட்டால் அவர்கள் அன்றைக்குப் பிடித்த நண்டெல்லாம் நீரோடு போய்விடும். தூரத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டு மூன்று பேரும் கரைக்குத் திரும்பும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர்களுடைய வாடியில், அதாவது கரையில் வலையும் கூடையும் போட்டிருந்த ஓலைக் கொட்டிலில், அவருடைய மகள் ரொட்டியும் நண்டுக் குழம்பும் தந்தாள். வாங்கிக்கொண்டு சாப்பிட்டேன். சனிக்கிழமையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. மனைவியைக் கொன்றவனுக்கும் பசி எடுக்கிறது, நண்டு ருசிக்கிறது என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய வெட்கம். இன்னும் ரெண்டு ரொட்டி போட்டாள். அதையும் தின்றேன்.

படுக்க ஒரு சாக்கைத் தந்துவிட்டு மூப்பர் சொன்னார். “நாளைக்குத் திங்கள். உமக்குத் தோதான நாள்தானே. விடிய எழும்பும்.”

அன்று இரவும் கடலைப் பற்றி யோசித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். மறுநாள் காலை, அவள் போய்ச் சரியாக ஒரு கிழமை ஆன அன்று, வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றும் வேலையில் சேர்ந்தேன். எனக்கு மன்னிப்புக் கிடைத்ததா என்பது இன்றுவரை தெரியாது. அன்று அந்த வேலைக்கு எழும்ப முடிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு காலையும், இன்றைக்கு மட்டும் எழும்ப விடும் என்றுதான் கேட்கிறேன், அதற்கு மேல் எதையும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.