பத்து மணிக்கு விடியும் கை

இந்த ஊரில் கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். "ஏனுங்க, தெனமும் நேரங்கழிச்சு வந்தா எப்படீங்க?" என்று பனியன் கம்பெனி மேஸ்திரி கேட்டபோது, என் சுகத்தை விசாரிக்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் முகம் மாறிய பிறகுதான் புரிந்தது. எங்கள் தேயிலை மலையில் வேலை வாங்கும் கங்காணி திட்டினால் பக்கத்து மலைக்குக் கேட்கும், சந்தேகமே வராது.

இலங்கையை விட்டுத் திருப்பூருக்கு வந்து ஒரு வருடமாகிறது. தைத்து வரும் பனியன்களில் தொங்கும் பிசிறு நூலைக் கத்தரியால் வெட்டுவது என் வேலை. எட்டரைக்குச் சங்கு ஊதும். அந்த நேரத்தில் என் விரல்கள் கத்தரியின் வளையத்துக்குள் நுழையாது. விடியும்போதே கணுக்கள் வீங்கி, ஊசி செருகியதுபோல் வலித்து, பத்து மணிக்குத்தான் இளகும். அங்கே இருந்தவரை மலைக்குளிரால் வருகிறது என்று நம்பினேன். கப்பல் ஏறியபோது, வெயில் காயும் ஊருக்குப் போகிறோம் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல். இங்கே சித்திரை வெயிலிலும் அதே நேரத்துக்கு வந்து அதே நேரத்துக்குப் போகிறது வலி. குளிருக்கல்ல, எனக்குள் ஓடும் ஏதோ ஒரு கடிகாரத்துக்குத்தான் அது கட்டுப்படுகிறது.

மலையில் அந்தக் கடிகாரத்தோடு எப்படியோ வாழ்ந்துவிட்டேன். கொழுந்து பறிக்கும் நிரையில் இரு பக்கமும் நிற்கும் பெண்கள், காலையில் ஆளுக்கொரு பிடி என் கூடையில் போடுவார்கள். "என்னாக்கா, ஒங் கைக்கு இன்னும் விடியலியா?" என்று கேலி செய்வார்கள். விரல் திறந்ததும் நான் அவர்கள் கூடையில் போடுவேன். கூடையைச் சற்றே பக்கத்தில் நகர்த்தினால் போதும், வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை.

மேஸ்திரி டாக்டர் சீட்டு கேட்டார். சீட்டு இருந்தால் பத்து மணிக்கு வரலாம். இல்லாவிட்டால் வேலை இல்லை. ஆறு மணிக்கே ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றேன். அப்போது என் கை கையாகவே இல்லை. பார்க்கத்தான் யாரும் இல்லை. என் முறை வந்தபோது மணி பதினொன்று.

"கைய மடக்குங்க" என்றார் டாக்டர். மடங்கியது. "நீட்டுங்க." நீண்டது.

"நல்லாத்தானுங்கம்மா இருக்குது?"

"காலையில வலிக்குதுங்க சார்."

"இப்ப வலிக்குதுங்களா?"

பொய் சொல்ல வரவில்லை. "இல்லீங்க" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் சங்குக்கு முன்பே போய் உட்கார்ந்தேன். கத்தரியை எடுக்கவே முடியவில்லை. பிசிறு வெட்டிய பனியனைப் போடும் கூடை காலியாக இருந்தது. என்னையறியாமல் அதைப் பக்கத்துப் பெண்ணிடம் நகர்த்தினேன்.

"ஏனுங்கக்கா, எனக்கெதுக்குங்க தள்ளறீங்க? என்ற கூடையே இன்னும் ரொம்புலீங்களே!" என்று சிரித்தபடி அவள் திருப்பித் தள்ளினாள். நல்ல பெண்தான். எனக்குத்தான் வாய் திறந்து கேட்க வரவில்லை.

ஒன்பதரைக்கு மேஸ்திரி வந்து காலிக் கூடையைப் பார்த்தார். கத்தரியை எடுத்துக்கொண்டு, "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றார், குரலை உயர்த்தாமல். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

கம்பெனிக்கு எதிரே இருந்த வேம்படியில் உட்கார்ந்தேன். எங்கே போவதென்று தெரியவில்லை. பத்து மணிக்கு விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மலையில் என்றால் இந்நேரம் அவை வேகம் பிடித்திருக்கும். மடியில் விரிந்து கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கொழுந்தும் இல்லை, கத்தரியும் இல்லை.