கேரே கேரே

அந்த வருஷங்களில் தொலைபேசி மணி கேட்டாலே எனக்கு முழங்கால் நோகும். மணிக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து தம்பி எடுப்பான். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம், யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது, இடிந்த வீடுகளை எல்லோரும் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஒரு முறை கூரை, ஒரு முறை கிணறு, ஒரு முறை சித்தப்பாவின் கண் சத்திரசிகிச்சை, ஒரு முறை மச்சாளின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடு. நான் ஒருபோதும் இல்லையென்று சொன்னதில்லை. நல்ல மனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வைத்த பிறகு ரிசீவரைப் பார்த்து வாய்க்குள் திட்டுவேன்.

ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தைத் துப்புரவாக்குவது என் வேலை. பின்னேரத்தில் ஒரு அலுவலகத்திலும் அதே வேலைதான். மிஞ்சும் நேரத்தில் தமிழ்ப் பிள்ளைகளின் பிறந்தநாள்களுக்கு றோல்ஸும், மாவுக்குள் மீன் வைத்துச் சுடுகிற பணிஸும் செய்து கொடுப்பேன். பணிஸ் சுடுகிற பெரிய போறணை ஒன்று வாங்கி, சின்னதாக ஒரு கடை போட வேண்டும் என்று ஆசை இருந்தது. வாங்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அந்தப் போறணை கூரையாகவோ கிணறாகவோ மாறி யாழ்ப்பாணம் போய்விடும். பிறகு நான் ஆசைப்படுவதையும் விட்டுவிட்டேன். ஆசைப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அந்தத் தேவாலயத்தில் ஒரு மாதர் குழு இருந்தது. எல்லோரும் ஓய்வுபெற்ற ஜேர்மன் பெண்கள். கேக் சுட்டு விற்பார்கள், கிறிஸ்மஸ் காலத்து நத்தார்ச் சந்தையில் கையால் பின்னிய காலுறை விற்பார்கள். சேருகிற பணம் பிஜித் தீவில் ஒரு கிராமத்துப் பெண்களுக்குப் போகும். அங்கே பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து அதில் கடன் எடுத்து ஏதாவது தொழில் தொடங்குவார்கள். ஒருத்தி கோழி வளர்ப்பாள், ஒருத்தி தைப்பாள், ஒருத்தி சந்தையில் மரவள்ளிக்கிழங்கு விற்பாள். ஒருத்தியால் கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. எங்கள் சீட்டு மாதிரித்தான். நாங்கள் டோர்ட்மண்டில் குசினி மேசையைச் சுற்றியிருந்து சீட்டுப் பிடித்தால் முகத்தைச் சுளிக்கிறவர்கள், அதுவே தீவில் நடந்தால் படமெடுத்துச் சுவரில் மாட்டுகிறார்கள். அந்தப் படங்களுக்குத் தூசி தட்டுகிறவள் நான்.

குழுவின் தலைவி பிரெஞ்சு மொழி படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை. ஒரு நாள் நான் வாளியோடு போகும்போது மறித்தார். கிராமத்திலிருந்து ஒரு பெண் வரப்போகிறாள், மண்டபத்தில் பேசப்போகிறாள் என்றார். "பெயரைப் பாருங்கள். தமிழ்ப் பெயர்! நீங்கள்தான் மொழிபெயர்க்க வேண்டும்." பார்த்தேன். அசல் தமிழ்ப் பெயர். என் சின்னம்மாவின் மகளுக்கும் அதே பெயர்தான். வேறு யாரைக் கேட்பது என்ற பெருமை எனக்கும் வந்துவிட்டது. சரி என்றேன். 'தமிழிலிருந்து ஜேர்மனுக்கு' என்று அறிவித்தலும் அச்சடித்து ஒட்டிவிட்டார்கள். கரும்புத் தோட்டத்துக்கென்று கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட தமிழரின் வழிவந்தவர்கள் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். கொண்டுபோய் எத்தனை தலைமுறை ஆயிற்று என்று தலைவியும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அது நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். உருண்டை முகம், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை, அந்தக் குளிருக்கு எந்த மூலைக்கும் காணாத ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை.

"வாங்கோ, வாங்கோ. பயணமெல்லாம் சுகமோ?" என்றேன்.

அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு "அக்கா" என்றாள். "தண்ணி" என்றாள். "சோறு" என்றாள். சிரித்தாள். அவ்வளவுதான் அவளுடைய தமிழ். வீட்டில் பேசுவது ஹிந்தி, அயலில் பேசுவது தீவின் மொழி, மிச்சத்துக்கு ஆங்கிலம். என்னுடைய ஆங்கிலமோ யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தின் படலையோடு நின்றுவிட்டது.

எனக்கு ஏலாது என்று தலைவியிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. அவருடைய ஆங்கிலம் என்னுடையதை விட மோசம். மண்டபத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் வந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நீ போய்விடாதே என்று கண்ணால் சொன்னாள். சரி, வந்தது வரட்டும் என்று அவளைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் செய்து வைத்திருந்த மீன் பணிஸ் ஒன்றைக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டவள் நிறுத்தி, அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். எந்தப் போறணையில் சுட்டாய் என்று சின்னச் சின்ன ஆங்கிலச் சொல்லாலும் கையாலும் கேட்டாள். என் வீட்டுச் சின்ன அடுப்பைக் கையால் அளந்து காட்டினேன். அவளுக்கு நம்ப முடியவில்லை.

அப்படியே சொல்லும் சைகையுமாகக் கதைத்ததில்தான் அவள் வந்த காரணம் தெரிந்தது. அவளும் ஒரு போறணைக்காகத்தான் வந்திருந்தாள். கடன் எடுத்து அவள் போட்ட சின்னக் கடை மூடிப்போயிற்று. அவளுக்குப் பொறுப்பு நின்ற பெண்கள் அவளுடைய பங்கையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அவர்களுக்கும் முடியாத கட்டம் வந்துவிட்டது. கிராமத்துக்குப் பாண் ரொட்டி பட்டணத்திலிருந்து லொறியில் வருகிறது, வந்து சேரும்போது காய்ந்துவிடும். ஒரு போறணை கிடைத்தால் எல்லோரும் சேர்ந்து பாண் சுட்டு விற்றுக் கடனை அடைக்கலாம். இல்லையென்றால் குழு கலைந்துவிடும், ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிக்க முடியாது. கொடுப்பதா இல்லையா என்று மாதர் குழு இன்றைக்கே கையுயர்த்தி முடிவெடுக்கும்.

கடை ஏன் மூடியது என்று கேட்டேன்.

"கேரே கேரே," என்றாள்.

என் காதில் அது 'கேளு, கேளு' என்றுதான் விழுந்தது. "ஓமோம்! கேளு! தமிழ்தானே இது!" என்று கத்திவிட்டேன். அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அது தமிழுமில்லை, ஹிந்தியுமில்லை, தீவின் பூர்வகுடிகளான தீவுக்காரருடைய சொல். சொந்தக்காரரோ அயலவரோ வந்து ஒன்றைக் கேட்டால் அதற்குப் பெயர் கேரே கேரே. கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. மா கேட்பார்கள், சீனி கேட்பார்கள், ரின்னில் அடைத்த மீன் கேட்பார்கள். கொடுத்துக் கொடுத்துக் கடையின் தட்டுகள் காலியாகிவிட்டன.

சொல்லைப் பிழையாகக் கேட்டுப் பொருளைச் சரியாகப் பிடித்துவிட்டேன் என்று அப்போது நினைத்தேன். முழங்கால் லேசாக நோகத் தொடங்கியது.

"நீ தீவுக்காரி இல்லையே, உனக்கென்ன கட்டாயம்?" என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் சிரிப்பதை நிறுத்தினாள். சில வருஷங்களுக்கு முன் ஆட்சியைக் கவிழ்த்தபோது இந்தியரின் கடைகளை உடைத்தார்கள். அவளையும் பிள்ளைகளையும் அயல்வீட்டுத் தீவுக்காரர்தான் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வாசலில் பாய் போட்டுக் காவலுக்குக் குந்தியிருந்தார்கள். அன்றைக்கு உள்ளே வரட்டுமா என்று கேட்டவள் அவள். அவர்கள் இல்லையென்று சொல்லவில்லை. இப்போது அந்த வீட்டுப் பிள்ளை வந்து ஒரு இறாத்தல் சீனி கேட்டால் எந்த வாயால் இல்லையென்பது?

மண்டபத்தில் முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அவள் கோழியைப் பற்றிச் சொன்னாள், தையலைப் பற்றிச் சொன்னாள், நான் தட்டுத்தடுமாறி ஜேர்மனில் சொன்னேன். பிறகு தலைவி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடை ஏன் மூடியது என்று கேட்டார். அவள் சொன்னாள். நானும் சொன்னேன்: அயலவர் கேட்பார்கள், கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது.

"அதாவது, பெட்டல்ன்," என்றார் தலைவி.

பெட்டல்ன் என்றால் பிச்சை எடுப்பது. மண்டபம் முழுவதும் தலைகள் ஆடின. எங்கள் பணம் பிச்சைக்கா போயிற்று என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போறணை போகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கப் போறணை போகிறது என்று நினைத்தேன்.

ஜேர்மனிக்கு வந்த புதிதில் 'பிட்டே' என்ற சொல்லை நான் எங்கள் அரிசிமாப் பிட்டை நினைத்துத்தான் பாடமாக்கினேன். தயவுசெய்து என்று பொருள். அதற்குத் தாய்ச்சொல்தான் பிட்டன், கேட்டுக்கொள்வது.

"பெட்டல்ன் இல்லை, பிட்டன்," என்றேன். யாருக்கும் ஏறவில்லை. எனக்கு வந்ததே கோபம். விடிய எழும்பி, வேலைக்குப் போய், பணிஸ் சுட்டு, தெரியாத மொழியிலிருந்து தெரிந்தும் தெரியாத மொழிக்கு மாற்றிக்கொண்டு நிற்கிறேன், இவர்கள் பிச்சை என்கிறார்கள். கோபத்தில் எனக்கு ஜேர்மன் நன்றாக வரும்.

"ஒவ்வொரு வருஷமும் நத்தார்ச் சந்தை முடிய, சம்பளமில்லாமல் வந்து மண்டபத்தைத் துடைத்துத் தர முடியுமா என்று நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள். நான் வருகிறேன். நீங்கள் என்னிடம் பிச்சையா எடுத்தீர்கள்?"

தலைவியின் காது சிவந்துவிட்டது. எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அந்த மனுசியைக் குறை சொல்லக் கூடாது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இல்லை. அது பிட்டன்தான்," என்றார்.

கை உயர்த்தினார்கள். போறணை கிடைத்தது. ஒரு நிபந்தனை: முதல் ஒரு வருஷத்துக்கு யாருக்கும் பாண் சும்மா கொடுக்கக் கூடாது. நான் அதைச் சொன்னதும் அவள் பவ்வியமாகத் தலையாட்டினாள், சம்மதம் என்றாள், நன்றி என்றாள். பிறகு என் காதோடு, போறணையில் உடைந்த பாணை விற்க முடியாதுதானே, நிறைய உடையும் என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த நாள் அவள் ஹம்பேர்க்குப் போக வேண்டும். ஸ்ரேஷனுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் காற்று எலும்புக்குள் போயிற்று. அவள் அந்த மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்னையல்ல, என் கோட்டை.

"கேரே கேரே, அக்கா," என்றாள்.

என்னிடம் இருந்த நல்ல கோட் அது ஒன்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் கேட்கிறது, தேவாலயம் கேட்கிறது, இப்போது பசிபிக் சமுத்திரத்திலிருந்தும் வந்து கேட்கிறார்கள் என்று மனதுக்குள் பொரிந்தேன். பொரிந்துகொண்டே பொத்தான்களைக் கழற்றினேன். அவள் போட்டுக்கொண்டாள். கை கொஞ்சம் நீளம்.

"இப்ப நீ," என்றாள்.

"நான் என்ன?"

"நீ என்னிடம் கேள்." ஒரு பக்கம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அது கேரே கேரே இல்லையாம், வரியாம்.

யோசித்தேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்பதற்குரிய இடம் எனக்குள் தூர்ந்துபோய்க் கிடந்தது. நிற்கும்போதே ரயில் வந்துவிட்டது. யோசித்து வை என்று என் கோட்டின் கையை ஆட்டிக்கொண்டு அவள் ஏறிப் போனாள்.

குளிரில் விறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"கோட் எங்கை?" என்றார் கணவர்.

"கேட்டா, குடுத்திட்டன்."

"உமக்கென்ன விசரோ?"

பதில் சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா. தம்பிதான்.

"அக்கா, மதில் ஒருபக்கம் சரிஞ்சுபோச்சு. மழைக்கு முன்னம் கட்டாட்டில்..."

"தம்பி, பொறு. இண்டைக்கு நான் உன்னட்டை ஒண்டு கேக்கட்டோ?"

அவன் பயந்துவிட்டான். "என்னக்கா? ஏதும் பிரச்சினையோ?"

"ஒரு பிரச்சினையுமில்லை. நான் எப்பிடி இருக்கிறன் எண்டு ஒருக்கால் கேள்."

கணவர் பத்திரிகையைக் கீழே வைத்தார்.

"எப்பிடியக்கா இருக்கிறியள்?" என்றான் தம்பி, புதிதாக யாரையோ கேட்பதுபோல.

சுகமாக இருக்கிறேன் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.

"களைச்சுப் போனன் தம்பி," என்றேன். "சரியாக் களைச்சுப் போனன்."

அவன் அன்றைக்கு மதிலைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை.