பதிவேட்டில் 'அப்ஸ்காண்டட்'

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வருகைப் பதிவேடு எழுதுவதுதான் என் முதல் வேலை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மகன் இங்கிலீஷில் எழுதுகிறான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றவர்கள் பெயருக்கு நேரே 'அப்ஸ்காண்டட்' என்று சிவப்பு மையில் எழுத வேண்டும் என்றார் மேனேஜர். அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனவர், பிரசவத்துக்குப் போனவர், காய்ச்சலில் படுத்தவர், எல்லாருக்கும் அதேதான். ஆப்சென்ட்டைவிடக் கௌரவமான வார்த்தை போலும் என்று சாய்த்துச் சாய்த்து அழகாக எழுதினேன்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கும்போதுதான் அகராதியில் பார்த்தேன். குற்றம் செய்துவிட்டுப் பிடிபடாமல் தப்பி ஒளிவதாம். மறுநாளே மேனேஜரிடம் சொன்னேன்.

"ஏலே, வாத்தியாரு மாதிரி பேசாத. எல்லாக் கம்பெனியிலயும் அதான் எழுதுறாக. எழுதுலே."

எழுதினேன்.

அந்த சீசனில் திரி செருகும் அறையில் தீப்பிடித்து, எங்கள் தெரு அக்கா ஒருவருக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின. மறுநாள் காலையில் மேனேஜர் உளுந்தவடையைக் கடித்தபடி, அந்த வாரப் பக்கத்தையே புதிதாக எழுதச் சொன்னார். விபத்துக்கு முந்தின நாளே அந்த அக்கா அப்ஸ்காண்டட். இங்கே எழுது என்று மேனேஜர் தொட்டுக் காட்டிய இடத்தில் எண்ணெய் படிந்தது. அந்தப் பிசுபிசுப்பின் மேலேயே எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து, கட்டுப்போட்ட கைகளோடு அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட வந்த அவர் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஆபீஸ் திருப்பி அனுப்பிய மனுவை நீட்டினார்.

"தம்பி, அன்னைக்கு நா வேலையிலயே இல்லையாம்ல. இங்கிலீஷ்ல என்னமோ எழுதிருக்காகளாம். என்னய்யா அது?"

அகராதியில் இருந்ததை அப்படியே சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நானா ஓடி ஒளிஞ்சேன்? லோடு வண்டில அள்ளிப் போட்டுல்ல கொண்டு போனாக! நீயுந்தான அங்கன நின்ன?"

நின்றேன்தான். அம்மா அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைத்தாள் எடுத்துத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். விபத்து நடந்த அன்று இவர் வேலையில் இருந்தார். பதிவேட்டில் மாற்றி எழுதும்படி மேனேஜர் சொன்னதால்...

அந்த வரியை அடித்தேன். 'நான் பொய்யாக எழுதினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.