சிவப்பு மையில் ஒரு முடிவு

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தைராய்டு பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒரு வருடமாக உடம்பு கனத்து, முடி கொட்டி, மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் கண் சொருகிக்கொண்டு வந்தது. வயதாகிறது என்று டைரியில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். பதினேழு வருடம் அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவளுக்குத் தன் ரத்தத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. ஊசியோடு வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். "பயமா இருந்தா அங்கிட்டுத் திரும்பிக்கோங்கம்மா" என்றாள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. திரும்பிக்கொண்டேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை அவள் முழங்கை மடிப்பில் வைத்ததும் அந்த வாடை வந்தது.

ஆனால் அது பாதி வாடைதான். நான் வேலை பார்த்த காலத்தில் ஸ்பிரிட்டோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கும். இராஜபாளையத்தில் எங்கள் லேப் இருந்த தெருவுக்கு அடுத்த தெருவில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனிகள் இருந்தன. அங்கே கழித்துப் போட்ட வெட்டுத் துண்டுகளைத்தான் நாங்கள் பஞ்சுக்குப் பதிலாக வைத்திருந்தோம். சலவை மருந்து வாடை போகாத துண்டுகள். ஸ்பிரிட்டும் அதுவும் சேர்ந்து மூக்கின் உள்ளே சுருக்கென்று ஏறும். அந்தக் கம்பெனிப் பெண்கள் ரத்தம் கொடுக்க வந்தால் தலையிலும் புருவத்திலும் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். வந்து உட்கார்ந்ததும் முந்தானையால் துடைத்துக்கொள்வார்கள். மாரித்தாய் மட்டும் துடைக்க மாட்டாள். "தொடச்சா மட்டும் என்ன, திரும்ப அங்கதான போகப் போறேன்" என்பாள்.

மாரித்தாயைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் சிவப்புப் பேனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்தபோது லேப் உரிமையாளர் எல்லா முடிவுகளையும் ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுப்பார். எண் எது, கோடு எது என்று எழுதியவருக்கே சந்தேகம் வரும். எனக்கு அது பொறுக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்த வியாதி உண்டு. செருப்பு கோணலாகக் கிடந்தால் சாப்பாடு இறங்காது. அவரிடம் சொல்லி முறையான படிவம் அச்சடிக்க வைத்தேன். ஒரு பரிசோதனைக்கு ஒரு வரி. முடிவு சரியாக இருந்தால் நீல மை, சரியில்லாவிட்டால் சிவப்பு மை. டாக்டர்கள் ஒரு பார்வையில் பார்த்துவிடலாம் அல்லவா?

டாக்டர்களுக்கு முன்னால் ஊர் அதைப் பார்க்கப் பழகிக்கொண்டது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சிவப்பு தெரியும். "எனக்குச் செவப்பு எத்தன?" என்று சிரித்துக்கொண்டே கேட்கும் சர்க்கரைக்காரர்கள் இருந்தார்கள். ஒரு மாமா ஒருமுறை முழுவதும் நீலமாக வந்ததற்குக் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார். நானும் பெருமையோடு தின்றேன்.

மாரித்தாய்க்கு அப்போது இருபத்தாறு வயது, என்னைவிட இரண்டு வயது கூட. கல்யாணம் செய்துகொடுத்தது தளவாய்புரத்தில். வீட்டுக்காரர் நூல் மில்லில் ஃபிட்டர். அவள் தினமும் டவுன் பஸ்ஸில் பேண்டேஜ் கம்பெனிக்கு வந்து போவாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்திருந்தன. மூன்றாவது நான்கு மாதமாகத் தங்கியிருந்தது. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எழுதும் பரிசோதனைகளை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் ஒன்று விடிஆர்எல். உடலுறவால் தொற்றும் சிபிலிஸ் என்ற நோய்க்கு முதல் கட்டமாகப் பார்ப்பது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பார்ப்போம், எல்லாருக்கும் நீலத்தில் எழுதுவோம். கை அதற்குப் பழகியிருந்தது. ரத்தம் எடுக்கும்போது விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது என்றாள். துணி மடக்குகிற வேலை என்பதால் இருக்கும் என்று நான் சொன்னேன். எம்புட்டு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

இப்போது மெஷின் செய்வதை அப்போது கையால் செய்தோம். வட்டங்கள் பதித்த கண்ணாடித் தகட்டில் ரத்தத்தின் தெளிந்த நீரை ஒரு சொட்டு விட்டு, மருந்தை ஒரு சொட்டு சேர்த்து, நான்கு நிமிடம் சீராகச் சுழற்ற வேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். ஒன்றும் இல்லையென்றால் மெல்லிய மணல் பரவியது போல் தெரியும். இருந்தால் மணல் கூடிக் கட்டி கட்டியாக நிற்கும். மாரித்தாயின் வட்டத்தில் கட்டிகள் தெரிந்தன. சின்னக் கட்டிகள். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை செய்தேன். அப்புறம், யாரும் கேட்காமலே, அந்த நீரில் உப்புநீர் சேர்த்து மேலும் மேலும் நீர்க்க வைத்துப் பார்த்தேன். நோய் முற்றியவர்களுக்கு எத்தனையோ மடங்கு நீர்த்தாலும் கட்டிகள் நிற்கும். இவளுக்கு நான்கு மடங்கில் தெரிந்தது, எட்டு மடங்கில் இல்லை. மிகவும் பலவீனமான விளைவு.

அதை எழுத என் படிவத்தில் இடம் இல்லை. ஒரு பரிசோதனைக்கு ஒரு வரி என்று போட்டவள் நானேதான். ஓரத்தில் எழுதினால் அசிங்கமாக இருக்கும். அதனால் 'ரியாக்டிவ்' என்று மட்டும் சிவப்பில், பெரிய எழுத்தில், அழகாக எழுதினேன். 'நான்கில் உண்டு, எட்டில் இல்லை, சின்னக் கட்டிகள்' என்பதை என் டைரியில் எழுதிக்கொண்டேன்.

சீட்டைக் கொண்டு வருபவர் கையில் முடிவைக் கொடுப்பது அன்றைய வழக்கம். சாயங்காலம் சீட்டோடு வந்தவள் மாரித்தாயின் நாத்தனார். ஒட்டாத கவரில் போட்டுக் கொடுத்தேன். அவள் வாசலிலேயே பிரித்துச் சிவப்பைப் பார்த்துவிட்டு, நேராக மருந்துக் கடையில் போய் அது என்ன என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர் சொல்லிவிட்டார். டாக்டருக்கு முன்னால் தளவாய்புரத்துக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அவள் வீட்டுக்காரர் ரத்தம் கொடுக்க வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் வட்டத்தில் மெல்லிய மணல்தான். நீல மையில் எழுதிக் கொடுத்தேன். அப்போது எனக்குள் ஏதோ நெருடியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அன்றைய டைரியில் அப்படி ஒன்றும் இல்லை. புது மைக்கூடு வாங்கியது இருக்கிறது. அவர் அந்தக் காகிதத்தை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் லேமினேஷன் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் என்று பேண்டேஜ் கம்பெனிப் பெண்கள் சொன்னார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாராம். தனக்கு இல்லை, அவளுக்கு மட்டும் இருக்கிறது என்றால் எங்கிருந்து வந்தது என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு ஊரில் எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருந்தது.

டாக்டர் அவளுக்குப் பென்சிலின் ஊசி போட்டார். ஒரு வாரம் கழித்து மாரித்தாய் லேப்புக்கு வந்தாள். கூட்டம் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள்.

"தங்கச்சி, நான் யார்ட்டயும் போகல. நீ கண்ணால என்ன பாத்த? அத மட்டும் சொல்லு."

டைரி என் பைக்குள் இருந்தது. பை நாற்காலியில் தொங்கியது. உரிமையாளர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். முடிவைப் பற்றி நோயாளியிடம் பேசக் கூடாது என்பது விதி. விதிகளைப் பிடித்துத்தான் நான் நடப்பேன். "டாக்டர்கிட்ட கேளுங்கக்கா" என்றேன்.  அவள் போய்விட்டாள். அந்த வாரமே அவளைக் கான்சாபுரத்தில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

நான்கு மாதம் கழித்து அவள் மறுபடி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன்னந்தலையில் முடி இல்லை. மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் சிவந்து தடித்திருந்தது. வயிறு தட்டையாக இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். ஒரு சீட்டை நீட்டினாள். கான்சாபுரத்திலிருந்து பக்கம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்து, கன்னத்தைப் பார்த்து, கலைந்த பிள்ளைகளைக் கணக்குக் கேட்டு, பழைய முடிவைப் பார்த்துவிட்டு எங்கள் லேப்புக்கு ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: எத்தனை மடங்கு வரை தெரிந்தது?

டைரியை எடுத்தேன். பார்த்து எழுதிக் கொடுக்கும்போது முதல்முறையாக என் எழுத்து கோணியது. அவள் டைரியையும் என்னையும் பார்த்தாள்.

"அப்பவே எழுதி வச்சிருந்தியா?"

"ஆமாக்கா."

அவள் ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள்.

அதே சீட்டின் அடியில் அந்தப் பெண் டாக்டர் இரண்டு பரிசோதனைகளும் எழுதியிருந்தார். ஒன்று, சிபிலிஸ் உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்வது. இன்னொன்று ஏஎன்ஏ, உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய்களுக்குப் பார்ப்பது. இரண்டும் எங்களிடம் கிடையாது. ரத்தத்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். தைராய்டும் அப்படித்தான் போய் வந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களின் ஹார்மோன் எல்லாம் கண்டக்டர் சீட்டுக்கு அடியில் பயணம் செய்த காலம் அது. முடிவுக்காகக் காத்திருந்த ஐந்து நாளும் எனக்கு ஒழுங்காகச் சாப்பாடு இல்லை.

சிபிலிஸ் இல்லை என்று வந்தது. ஏஎன்ஏ இருக்கிறது என்று வந்தது. லூபஸ் என்று சொன்னார் டாக்டர். விடிஆர்எல் சிபிலிஸ் கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை; ரத்தத்தில் உண்டாகும் ஒருவகை எதிர்ப்பொருளைத் தேடுகிறது. லூபஸ் உள்ள சிலருக்கும் அதே போன்ற எதிர்ப்பொருள், பெரும்பாலும் குறைந்த அளவில், இருக்கும். பிள்ளைகள் கலைவதற்கும் அது காரணமாக இருக்கலாம் என்றார். நான்கு மாதம் முன்பே தெரிந்திருந்தால் மூன்றாவதைக் காப்பாற்றியிருக்கலாமா என்று அவரிடம் போய்க் கேட்டேன். சிலருக்கு மருந்து கேட்கும், சிலருக்குக் கேட்காது, சொல்ல முடியாது என்றார். இல்லை என்றே சொல்லியிருக்கலாம் அவர்.

மாரித்தாய் என்னைத் தளவாய்புரத்துக்குக் கூப்பிட்டாள். லீவு போட்டுப் போனேன். வாசலில் நாத்தனார் நின்றாள். எதிர் வீட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மதுரை முடிவை நான் வாசித்துச் சொன்னேன்.

"அப்பம் செவப்புல எழுதுனது யாரு?" என்றாள் நாத்தனார். "நீதான? இப்பம் இல்லன்னு சொல்லுத. நாளைக்கு வந்து என்ன சொல்லுவ?"

பாதியை எழுதாமல் விட்டது என் தப்பு என்றேன்.  வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது ஒட்டுமா?" என்று கேட்டார்.

"ஒட்டாது."

"தீருமா?"

"தீராது. மாத்திர சாப்ட்டா அடங்கி இருக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதற்கு மாரித்தாய் சொன்னாள்: "யோசிக்க ஒண்ணுமில்ல. நான் இங்கன இருக்க வரல. எம் மேல தப்பு இல்லன்னு இவிய எல்லாரு முன்னாலயும் ஒரு தடவ சொல்லுங்க. போயிருதேன்."

அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"சத்தமா" என்றாள்.

சத்தமாகச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பஸ் சேத்தூர் தாண்டியது. பிறகு, கேட்காமலே, "மூணாவது பெட்டப்பிள்ள, தங்கச்சி" என்றாள். அவ்வளவுதான். 

ஆறு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தமும் சிறுநீரும் கொடுத்தாள். கோபம் காட்டியதில்லை. ஆனால் எழுதி முடித்ததும், "விட்டது ஒண்ணும் இல்லயே?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். பிறகு தம்பியோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரு தவணைக்கு வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை. என் டைரியில் அந்த இரண்டு தேதிகளுக்கும் எதிரே வெறும் கோடு இருக்கிறது.

இப்போது அந்த லேப் இல்லை; செல்போன் கடை இருக்கிறது. பதிவேடுகளை உரிமையாளர் மகன் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார். வட்டம் பதித்த தகடு, நான்கு நிமிடச் சுழற்சி, சிவப்புப் பேனா, பஸ்ஸில் போன பிளாஸ்க் எல்லாம் போயின. அந்தப் பெண் டாக்டரும் இறந்துவிட்டார். இன்று விடிஆர்எல் முடிவு அச்சாகி வருகிறது. எத்தனை மடங்கு என்று தனிக் கட்டமே இருக்கிறது. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் வருகிறது: வேறு சில நோய்களிலும் இந்த விளைவு வரலாம், உறுதிப் பரிசோதனை அவசியம் என்று. அந்த ஒரு வரி அன்று அந்தப் படிவத்தில் இருந்திருந்தால் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அது யாருக்கும் தெரியாத காலம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. டிப்ளமோ படிக்கும்போது இதே வரியைப் பரீட்சையில் எழுதி, லூபஸ் என்று பெயரும் குறிப்பிட்டு, அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.