சுவரில் வைத்த துவாய்

ஜெர்மனியில், வுப்பர்டாலில் எங்கள் வீடு மேட்டில் இருந்தது. தெருவிலிருந்து வாசலுக்கு அறுபத்திரண்டு படிகள். எனக்கு ஒன்பது வயதான வருடம் அப்பாவுக்கு இதயக் குழாயில் அடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போதே, இனிப் படி ஏறும் வீடு ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், நிலமட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. தை முடியும்வரை பொறுப்பதாக அதன் உரிமையாளர் சொன்னாராம். அதற்குள் எங்கள் வீட்டை விற்கவேண்டும். இதையெல்லாம் பின்னாளில்தான் அறிந்தேன். அப்போது எனக்குச் சொன்னது, வீடு பெரிசு, எங்களுக்கு எதற்கு என்பது மட்டும். புது இடத்தில் எனக்குத் தனி அறை இல்லை என்பதை நானாகக் கண்டுபிடித்தேன்.

மார்கழிக் குளிரில் வீட்டைத் துடைத்துச் சோடித்தோம். ஒரே குறை என் அறைச் சுவர். ஜெர்மன்காரர் குளிர்காலத்திலும் ஜன்னலை அகலத் திறந்து காற்று விடுவார்கள். நாங்கள், சூடு வீணாகிவிடும் என்று ஐப்பசியில் பூட்டினால் பங்குனியில்தான் திறப்போம். சோறும் உள்ளே அவியும், உடுப்பும் உள்ளே காயும். அந்த ஈரமெல்லாம் என் அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூத்திருந்தது.

மாமா இரண்டு சனிக்கிழமை வந்து சுரண்டி, மருந்தடித்து, வெள்ளை பூசினார். அப்பா கதிரையில் இருந்தபடி விடுபட்ட இடங்களைக் காட்டினார். "அத்தான், நீங்கள் ஓவசியர் வேலைக்குத்தான் சரி" என்று மாமா பகிடி விட்டார். அம்மா தினம் மூன்றுதரம் ஜன்னல்களைத் திறந்துவிட, நாங்கள் ஜாக்கெட்டோடு இருந்து சாப்பிட்டோம்.

ஓர் இளம் ஜோடிக்கு வீடு பிடித்துவிட்டது. அந்தப் பெண் என் அறையில் நின்று, தொட்டிலை எங்கே வைக்கலாம் என்று கையால் அளந்து பார்த்தாள். அடுத்த கிழமை விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவருவதாகச் சொல்லிப் போனார்கள்.

அன்றிலிருந்து நான் குளித்துத் துடைத்த ஈரத் துவாயைப் பிழியாமல் கொண்டுவந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் திணித்தேன். சுவரை எப்படிக் கெடுப்பது என்று எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஏழாம் நாள் வெள்ளை கொப்பளித்திருந்தது. அவர்கள் வருமுன் துவாய்களை எடுத்து ஊத்தை உடுப்புக் கூடையில் போட்டேன்.

வந்த மனிதர் அலமாரியை நகர்த்தச் சொல்லி, ஈரம் பார்க்கும் ஒரு சின்னக் கருவியைச் சுவரில் வைத்தார். அது விடாமல் கத்தியது. நீ இங்கேயா படுக்கிறாய் என்று அந்தப் பெண் என்னை இரக்கமாகக் கேட்டாள். பிறகு அவர்கள் வரவில்லை.

அம்மா அப்பாவைத்தான் பிடித்தார். "இஞ்சேருங்கோ, இத்தனை வருசத்திலை ஒருநாள் ஜன்னலைத் திறக்க விட்டனீங்களே?"

"என்ர பிழைதான்" என்றார் அப்பா.

நான் பக்கத்தில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தேன்.

தை முடிந்தது. ஸ்டேஷனடி வீடு வேறு யாருக்கோ போனது. எங்கள் வீடு வைகாசியில் விலைபோனது. அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. கையெழுத்துப் போட அம்மா தனியாகப் போனார். நான் படிப்பையும் பாதியில் விட்டேன், பழகப் போன வேலையையும் பாதியில் விட்டேன். பத்துப் பன்னிரண்டு ஊர்களில் வாடகை அறைகளில் படுத்திருக்கிறேன். எங்கே போனாலும் முதலில் அலமாரியை இழுத்துப் பின்சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த வருடம் மாசியில் ஒருநாள் அப்பாவும் நானும் கடையிலிருந்து வந்தோம். படிகளின் முதல் வளைவில் அப்பா நின்றார். இரண்டாவது வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே பள்ளத்தாக்கில், மேலே போட்ட தண்டவாளத்தில் தொங்கி ஓடும் ரயிலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"அப்பாவுக்கும் இந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லைத்தானே?" என்று கேட்டேன்.

அவருக்கு மூச்சு வாங்கியது. தலையை ஆட்டினார். பிறகு, "ஓம். நீ முன்னுக்குப் போ, பிள்ளை" என்றார்.

மிச்சப் படிகளைச் சந்தோஷத்தில் இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினேன்.