குழாயடிக்கு வந்த புத்தகம்

நான் அப்போது சாத்தூருக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தீபாவளி சீசன் சூடுபிடித்த மாதங்களில், ஒரே பட்டாசு ஆலையில் வேலை பார்த்த பெண்கள் சிலர் அடுத்தடுத்து வயிற்றுவலி, வாந்தி என்று வந்தார்கள். அதில் ஓர் அக்காவுக்கு நடையே தள்ளாடியது. "செம்பத் தூக்கக்கூட கையில சத்து இல்ல சிஸ்டர்" என்றார்.

எல்லோருமே பட்டாசில் பச்சை வெளிச்சம் தரும் மருந்தை அடைக்கிறவர்கள். அதில் சேரும் பச்சை உப்பு, அதாவது பேரியம் நைட்ரேட், கழுவாத கை வழியாகச் சோற்றோடு உள்ளே போயிருக்கும் என்று எங்கள் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். அக்காவை உடனே மதுரைக்கு அனுப்பினார். அவர் தேறி வந்துவிட்டார். ஆனால் ஆலை மேனேஜரிடம் சொன்னபோது அவர், கடைப் பரோட்டா செய்த வேலை என்று சாதித்தார்.

பழைய ஆங்கிலக் கையேடு ஒன்றில் அந்த உப்பின் விஷத்தைப் பற்றிப் படித்ததாக டாக்டரம்மாவுக்கு ஞாபகம். மறுபதிப்பே வராத புத்தகம். லீவு நாளில் மதுரைக்குப் போய் ஒரு கல்லூரி நூலகத்தில் தேடினேன். அட்டவணையில் பெயர் இருந்தது, அலமாரியில் புத்தகம் இல்லை. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் இலவசமாகப் போடும் நூலகம் ஒன்று இருக்கிறதென்று அங்கிருந்த நூலகர்தான் சொன்னார்.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். நானும் டாக்டரம்மாவும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். நடுவில் கரண்ட் போய் வந்தது. யாரோ பேனாவால் அடிக்கோடிட்ட பழைய பக்கம் ஒன்று மெல்ல மெல்லத் திரையில் இறங்கியது. வயிற்றுவலி, வாந்தி, கைகால் தளர்ச்சி எல்லாம் அப்படியே அதில் இருந்தன. டாக்டரம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிரிண்ட் எடுத்து, கூடவே தமிழிலும் எழுதி, இருவருமாக ஆலைக்குப் போனோம். மேனேஜர் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"மொதல்லயே இதக் காட்டியிருந்தீகன்னா நான் எதுக்கு மல்லுக்கு நிக்கப்போறேன்?"

அந்த வாரமே குழாய் போட்டார்கள், சோப்பு வைத்தார்கள். மருந்து அறைக்குத் தள்ளி, சாப்பிட ஒரு கொட்டகை எழும்பியது. சீசன் முடியும்வரை அங்கிருந்து யாரும் அந்த வலியோடு வரவில்லை. பக்கத்து ஆலைப் பெண்கள் தாங்களாகவே வந்து அந்தத் தமிழ்த் தாளைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

டாக்டரம்மா அதை அந்த இன்டர்நெட் நூலகத்துக்கும் அனுப்பிவைத்தார். மூலப் புத்தகத்தின் பக்கத்திலேயே ஏற்றிவிட்டார்கள். அக்காவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசிக்க, சென்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத எந்த ஊர்ல இருந்தும் பாக்கலாமா சிஸ்டர்?"

பார்க்கலாம் என்றேன்.

"அப்ப இன்னொருக்க வாசிக்கேன்" என்றார்.