அந்தியேட்டி வரைக்கும் ஓர் அனுமதி

அந்தத் தனியார் மருத்துவமனையின் கணினிப் பகுதியில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் கோப்பாய்ச் சைவக்காரர். நான் கொழும்புத்துறைக் கிறிஸ்தவப் பெண். அவரை நான் அண்ணை என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். சேர்வர் அறையின் ஏசியை எத்தனையில் வைப்பது என்பதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் சண்டை பிடிப்போம்.

சேர்வர் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் கணினி தனியாக இருக்கும். சேர்வர் அணைந்து கிடந்தாலும் அது விழித்திருக்கும். வீட்டிலிருந்தே அதற்குள் நுழைந்து சேர்வரை எழுப்பலாம், நிறுத்தலாம். எங்களிடம் அந்தச் சின்னக் கணினி ஒவ்வொன்றிலும் தனித்தனியே பெயரும் கடவுச்சொல்லும் கிடந்தன. முன்பு இங்கே வேலை செய்து, கனடா போய் வீடும் வாங்கிவிட்ட ஒருவரின் பெயர் ஒன்றிரண்டில் அப்படியே இருந்தது. அதைக் கண்டதும் அண்ணைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஒரு இடத்திலை பேரை எடுத்தா எல்லா இடத்திலையும் போகவேணும், தங்கச்சி. அப்பிடிச் செய்து போட்டுத்தான் மற்ற வேலை."

ஊழியர் எல்லாருடைய பெயரும் இருக்கும் மைய டிரெக்டரியோடு அவற்றை இணைக்கத் தொடங்கினோம். அதில் ஒரு குழு. குழுவில் இருப்பவருக்கு மட்டும் கதவு திறக்கும். கரண்ட் போய் ஏசி நின்று, பற்றரியில் ஓடும் சேர்வர் சூடானால் போனுக்கு வரும் எச்சரிக்கையும் அந்தக் குழுவுக்குத்தான். குழுவில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

"எல்லாம் முடிய என்ரை பேரை எடுத்துப் பாரும். எனக்குக் கதவு திறக்காட்டி வேலை சரி."

"எடுத்திட்டுத் திரும்பப் போடமாட்டன்," என்றேன். சிரித்தார்.

வேலை பாதியில் நிற்கும்போதே, ஒரு காலை வேலைக்கு வரச் சட்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணை மாரடைப்பில் போய்விட்டார்.

மிச்சத்தை நான் தனியாகச் செய்தேன். ஒரு சேர்வரின் சின்னக் கணினியில் திகதி பல வருடம் பின்னுக்கு நின்றதால் அது டிரெக்டரியை நம்ப மறுத்தது. அண்ணை இருந்திருந்தால் கண்டவுடன் பிடித்திருப்பார். நான் அதோடு மல்லுக்கட்டி அழுது, பிறகுதான் கண்டுபிடித்தேன்.

அண்ணை சொன்ன பரிசோதனை மட்டும் மிச்சம். நான் கேட்க முன்பே மனேச்சர், "அந்தியேட்டி முடியட்டும் பிள்ளை. அதுக்கு முதல் பேரிலை கை வைக்கவேண்டாம்," என்றார். சைவக்காரர் முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியை அது. கொழும்பிலிருந்து கணக்காய்வுக்காரர் போன் எடுத்து, உயிரோடு இல்லாதவருக்கு ஏன் முழு அனுமதி என்று கேட்டார். அவருக்கு அந்தியேட்டியை எந்த விதியின் கீழ் விளங்கப்படுத்துவது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதையாகப் பேசிவிட்டுப் போனை வைத்தேன்.

அந்தியேட்டியன்று கோப்பாய்க்குப் போனேன். கிரியை செய்யக் கீரிமலைக் கடற்கரைக்குப் போனவர்கள் திரும்பியிருந்தார்கள். அண்ணையின் படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. பக்கத்தில் அவருடைய போன் சார்ஜில் கிடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் போன் கத்தியது. அண்ணையின் மனைவி ஓடிப்போய் எடுத்தார்.

"சேர்வர் ரூம் சூடாம், தங்கச்சி." என் கைப்பையிலும் போன் கத்தியிருந்தது.

எனக்குச் சோறு போட வந்தபோது அண்ணையின் மனைவி குனிந்து மெல்லச் சொன்னார்: "அவர் இருக்கேக்கை இது கத்தினா எனக்கு எரிச்சல் வரும். சாப்பாட்டிலை இருந்து எழும்பி ஓடுவார். இப்ப இது கத்தினாத்தான் அவர் இன்னும் வேலையிலை இருக்கிற மாதிரிக் கிடக்கு. அங்கை இதை நிப்பாட்டிப் போடாதேயும்."

நானும் சாப்பாட்டிலிருந்து எழும்பி மருத்துவமனைக்கு ஓடினேன்.

திங்கட்கிழமை டிரெக்டரியில் அண்ணைக்குப் புதுக் கடவுச்சொல் போட்டு, அவருடைய பெயரில் ஒரு சேர்வரின் சின்னக் கணினிக்குள் நுழைந்தேன். கதவு திறந்தது. மேல் மூலையில் அவர் பெயர் வந்தது. வெளியே வந்து, குழுவிலிருந்து அந்தப் பெயரை எடுத்தேன். திரும்ப முயன்றேன். அனுமதி இல்லை. அடுத்த சேர்வரிலும் இல்லை. எல்லாவற்றிலும் இல்லை. அவர் விரும்பிய மாதிரியே, ஒரு பிழை இல்லாமல். இவ்வளவு சரியாக நடந்ததே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. எங்காவது ஓரிடத்தில் மிஞ்சியிருக்கக்கூடாதா?

இரண்டொரு நாளில் மத்தியானம் கரண்ட் போனது. என் போன் கத்தியது. கொஞ்சம் பொறுத்து அண்ணையின் மனைவி என்னை அழைத்தார்.

"தங்கச்சி, இங்கை கரண்ட் போய்க் கனநேரம். அங்கையும் போயிட்டுதோ?"

"ஓம் அக்கா."

"இதிலை ஒண்டும் வரேல்லை. நானும் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இனி வராது அக்கா. அண்ணையின்ரை பேரை நான்தான் எடுத்தனான்."

"ஓம்," என்றார். "அப்ப இனி இதைச் சார்ஜிலை போடத் தேவையில்லை, என்ன?"